பத்தொன்பது வீடுகளுக்கு வராத அழைப்பு

வெள்ளம் வடிந்து இருபத்திரண்டு நாள் கழித்தும் வரதப்பன் தன் போனை அரிசி டப்பாவுக்குள் புதைத்தே வைத்திருந்தார். ஜெசிந்தா வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் எழுந்து போய் டப்பாவைக் கொண்டுவந்தார். கையை விட்டுத் துழாவிப் போனை வெளியே எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு, அவளிடம் நீட்டினார்.

"கடைக்காரன் முடியாதுன்னுட்டான்மா. உள்ள எல்லாம் துரு ஏறிடுச்சாம். உங்க ஆபீஸ்ல பாத்தா தெரியும்னு சொன்னாங்க. எத்தனை மணிக்கு வந்துச்சு, எத்தனை தடவை அடிச்சுது? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

அவர் கேட்டது வெள்ள எச்சரிக்கை அழைப்பைப் பற்றி. ஜெசிந்தா மாவட்ட வெள்ள வரைபடத்தின் பொறுப்பாளர். நாற்பத்தொரு வயது; பதினோரு வருடமாக அந்த ஒரு வேலைதான். வெள்ளத்துக்குப் பிந்தைய கணக்கெடுப்புக்கு வழக்கமாகக் களப்பணியாளர்கள்தான் வருவார்கள். இந்த வீட்டுக்கு மட்டும் நானே போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு அவள் வந்திருந்தாள். கையிலிருந்த படிவத்தின் முதல் கேள்வி: 'எச்சரிக்கை அழைப்பு வந்ததா? ஆம், இல்லை, தெரியாது.'

"வந்துச்சுன்னே போட்டுக்குங்க," என்றார் வரதப்பன். "நான்தான் எடுக்கல."

அவர் ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் ஓட்டுபவர். இரவு வேலை. காலையில் வந்து சாப்பிட்டுவிட்டு, மாடியில் இருக்கும் தகர அறையில் போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுத் தூங்கிவிடுவார். அன்றைக்கும் அப்படித்தான். மனைவி கனகவல்லி கீழே இருந்தாள். போன வருடம் இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து அவளுக்கு மாடிப்படி ஏற முடியாது. நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடமாடுவாள். பகல் ஒன்று ஐம்பதுக்கு ஆற்றின் கரை உடைந்தது. ஏதோ லாரி மோதிய மாதிரி சத்தம் கேட்டு வரதப்பன் எழுந்து ஓடிவந்தபோது, வெளிப்படிக்கட்டில் பாதிக்குக் கீழே தண்ணீர்தான் இருந்தது. சட்டைப்பையில் போனோடு இறங்கி நீந்திப்போய்க் கதவை இழுத்தார். வெளிப்பக்கம் இழுத்துத் திறக்கும் தகரக் கதவு. தண்ணீரின் அழுத்தத்தில் அது அசையவில்லை.

"உள்ள இருந்து தட்டுனா," என்றார். "கொஞ்ச நேரம் தட்டுனா."

ஜெசிந்தா படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பொண்ணு. கயல்விழி. நர்சிங் படிக்குது. முதல் நாள் வந்து என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதுட்டு, 'போன்ல சத்தமாவது வெச்சிருக்கக் கூடாதாப்பா'ன்னு கேட்டா. ஒரே ஒரு தடவைதான். அதுக்கப்புறம் எங்கிட்ட முகம் குடுத்துப் பேசல. காரியம் முடிஞ்சதும் ஹாஸ்டலுக்குப் போயிட்டா. கம்பெனி போன்லேருந்து பண்ணா எடுக்கறதில்ல. பக்கத்து வீட்டுப் போன்லேருந்து பண்ணிப் பாத்தேன், என் குரலைக் கேட்டதும் வெச்சிட்டா. அவ கோவம் நியாயம்தானம்மா."

"நான்... பாத்துச் சொல்றேன் ஐயா," என்றாள் ஜெசிந்தா.

பார்க்க எதுவுமில்லை. அந்த வீட்டுக்கு எத்தனை மணிக்கு அழைப்பு போனது என்று உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். அழைப்பே போகவில்லை.

வாசலில் இறங்கும்போது பக்கத்து வீட்டு மரியதாஸ் வழிமறித்து ஒரு மனுவைக் கொடுத்தார். அந்த வரிசையிலிருந்த பத்தொன்பது வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அவை ஐஸ் கம்பெனி தன் ஆட்களுக்காகக் கட்டிய வீடுகள். கம்பெனியின் உயரமான சுவருக்கும் வாய்க்காலுக்கும் நடுவில், மற்ற தெருக்களோடு ஒட்டாமல் தனியாகக் கிடக்கும் ஒரு வரிசை. 'எங்கள் வரிசையில் சிக்னல் சரியாக இல்லாததால் அன்று வந்த எச்சரிக்கையை எங்களால் எடுக்க முடியவில்லை. ஆகவே ஒரு கோபுரம் அமைத்துத் தருமாறு...'

"ஐஸ் ரூம்ல நின்னா போன் செத்துப் போயிடும் மேடம். குளுருக்கு பேட்டரி தாங்காது. என் தப்புதான், அன்னிக்கு போனை வெளிய வெச்சிட்டுப் போயிருக்கணும்," என்றார் மரியதாஸ்.

ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருந்தது. ஒருவர் போனில் சார்ஜ் இல்லை. ஒருத்தி போனைப் பிள்ளையிடம் விளையாடக் கொடுத்திருந்தாள். சுவருக்கு அந்தப்பக்கத் தெருக்களில் எல்லோருக்கும் அழைப்பு வந்தது, எல்லோரும் ஒரு மணிக்குள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள் என்பது ஊருக்கே தெரியும். அப்படியானால் இங்கேயும் வந்துதானே இருக்கும்? வரைபடத்தைச் சந்தேகப்பட அந்தப் பத்தொன்பது வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் தங்கள் போனைச் சந்தேகப்பட்டார்கள். அதைவிட அதிகமாகத் தங்களைச் சந்தேகப்பட்டார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆறு வருடத்தில் நாணலாறு மூன்று முறை கரை புரண்டு, ஒரு உயிர்கூடப் போகவில்லை என்றால் நம்பாமல் என்ன செய்வார்கள்? ஆற்றுப் படுகையிலும் வாய்க்கால்களிலும் தெருமுனைகளிலும் விரல் பருமனில் ஆயிரக்கணக்கான உணரிகளைப் புதைத்திருந்தார்கள். அவை சொல்வதையும் வானத்திலிருந்து எடுத்த அளவுகளையும் சேர்த்து, எந்த வீட்டு வாசலில் எத்தனை மணிக்கு எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று வரைபடம் சொல்லிவிடும். பிறகு அதுவே வீட்டுக்கு ஒரு எண்ணாகக் கூப்பிட்டுப் பேசும். பேசுவது ஒரு பெண்குரல். 'வணக்கம் வரதப்பன். மூணு மணிக்கு உங்க வீட்ல இடுப்பளவு தண்ணி வர வாய்ப்பிருக்கு. மேற்கு பள்ளிக்கூடத்துக்குப் போங்க. கம்பெனி ரோடு வேணாம், பாலத்து வழியா போங்க.' ஜனங்கள் அதற்குப் படத்தம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். கூப்பிட்டால் 'சரிம்மா, கெளம்பிட்டோம்மா' என்று பதில் சொல்வார்கள்.

அந்த நம்பிக்கையை முதலில் உடைத்தவளும் ஜெசிந்தாதான்.

போன வருடம் ஐப்பசியில் அது நடந்தது. வெள்ளம் வர நூற்றுக்கு முப்பது வாய்ப்பு இருந்தால் வரைபடம் கூப்பிடும் என்பது விதி. அன்று துறைமுகப் பக்கத்துக்கு இருபத்தேழு காட்டியது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தாவுக்கு மனசு கேட்கவில்லை. பொறுப்பாளர் விரும்பினால் கையால் அழைப்பை அனுப்ப ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திவிட்டாள். நான்காயிரம் வீடுகளுக்கு அழைப்பு போனது. நான்காயிரம் குடும்பங்கள் மழையில் நனைந்துகொண்டு ஓடின. தண்ணீர் வரவே இல்லை. பள்ளிக்கூடத்துப் படிக்கட்டில் நெரிசல். பதினேழு பேருக்குக் காயம்.

இயக்குநர் தெய்வநாயகம் அவளைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. அதுதான் அவருடைய வழக்கம். மெதுவாகத்தான் பேசுவார்.

"ஜெசிந்தா, நீங்க அனுப்பினது ஒரு பொய் அழைப்பு. அதுக்கப்புறம் வந்த மழைக்கு நாம உண்மையாவே கூப்பிட்டோம். நூத்துக்கு முப்பது பேர் கெளம்பவே இல்ல. பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"அப்ப தண்ணி எங்க வரும்னு மட்டும் கணக்குப் போட்டா பத்தாது. சொன்னா நம்புவாங்களான்னும் கணக்குப் போடணும். ஏமாந்த எடத்துல மறுபடி மறுபடி கூப்பிட்டா, நெஜமா வரும்போது எவனும் எந்திரிக்க மாட்டான். அதுக்கு ஒரு வழி பண்ணுங்க."

வழியை அவள்தான் கண்டுபிடித்தாள். அழைப்பைப் பற்றி ஜனங்கள் எழுதும் புகார்களை எல்லாம் வரைபடத்துக்குள் விட்டாள். ஒரே உயரத்தில் அடுத்தடுத்து இருக்கும் வீடுகளை ஒரு கட்டமாகச் சேர்த்தாள். பொய் அழைப்பு போன கட்டத்திலிருந்து புகார் வந்திருந்தால், அடுத்த முறை அந்தக் கட்டத்தைக் கூப்பிடுவதற்கு முப்பது போதாது. இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டும். காயம்பட்டதாகப் புகார் வந்திருந்தால் அதைவிடவும் உறுதி வேண்டும். கேட்டவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். மனிதர்களின் நம்பிக்கையைச் சிக்கனமாகச் செலவழிக்கும் வரைபடம் என்று ஒரு கருத்தரங்கில் பாராட்டினார்கள். ஜெசிந்தாவுக்கும் அது சரியென்றே பட்டது. இன்னொரு படிக்கட்டு நெரிசல் வேண்டாம் என்பதுதான் அவள் எண்ணம்.

இந்த வருடம் வெள்ளம் வந்த அன்று, பகல் பன்னிரண்டு பத்துக்கு வரைபடம் துறைமுகப் பக்கம் முழுவதையும் சிவப்பாக்கிக் கூப்பிடத் தொடங்கியது. சிவப்புக்கு நடுவில் ஒரு சின்னக் கட்டம் மட்டும் வெளிர்மஞ்சளாக நின்றது. ஜெசிந்தா விரலை வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். பத்தொன்பது வீடுகள். வாய்ப்பு முப்பத்தெட்டு. அந்தக் கட்டத்துக்கான வரம்பு நாற்பது.

கையழைப்புப் பொத்தான் அங்கேயே இருந்தது. அவள் கை அதன் பக்கம் போகவும் செய்தது. போன வருடத்துப் படிக்கட்டு கண்முன் வந்தது. நாற்பதாகட்டும், தானே கூப்பிடும் என்று நினைத்தாள். டீ வந்தது. குடித்தாள். ஒன்று நாற்பதுக்கும் அது முப்பத்தெட்டிலேயே நின்றது. பத்து நிமிடம் கழித்து, எண் ஏறுவதற்கு நேரமே கொடுக்காமல் கரை உடைந்தது.

மற்ற பதினெட்டு வீட்டிலும் இருந்தவர்கள் கூரைமேல் ஏறித் தப்பித்துவிட்டார்கள்.

வரதப்பன் வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் ஜெசிந்தா இயக்குநர் அறைக்குப் போனாள்.

"அவங்ககிட்ட உண்மையைச் சொல்லணும் சார்."

தெய்வநாயகம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எழுபதாயிரம் பேரைக் கூப்பிட்டோம். ஒருத்தர் போனாங்க. வருத்தம்தான். நீங்க இப்ப போய், படம் வேணும்னே உங்களைக் கூப்பிடலன்னு சொன்னா என்ன ஆகும்? அடுத்த மழைக்கு எழுபதாயிரம் பேரும் படத்தை நம்ப மாட்டாங்க. அப்ப போற உயிருக்கு நீங்க பதில் சொல்வீங்களா?"

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் பொய்யும் இல்லை.

"அந்த மனுஷன் தினம் அரிசி டப்பாவைத் திறந்து போனைப் பாத்துட்டு இருக்காரு சார். தன் பொண்டாட்டிய தானே கொன்னுட்டதா நெனச்சிட்டு."

"காலம் போகப் போக ஆறிடும்."

"அது நம்ம தப்பு சார். அவரு சுமக்கறாரு."

"நம்ம தப்புன்னு எப்படிச் சொல்றீங்க? முப்பத்தெட்டுன்னா நூறு தடவைல அறுபத்திரெண்டு தடவை தண்ணி வராதுன்னு அர்த்தம்." அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "யோசிச்சுப் பண்ணுங்க. எழுத்துல எதுவும் வேணாம்."

மூன்று நாள் யோசித்தாள். அந்த மூன்று நாளும் வீட்டில் யாராவது கதவைத் தட்டினால் எழுந்து போய்த் திறக்க அவளுக்குக் கால் வரவில்லை. கணவர்தான் போய்த் திறந்தார். என்ன உனக்கு என்று கேட்டதற்குக் காய்ச்சல் என்றாள்.

நான்காம் நாள் மாலை ஐஸ் கம்பெனி வரிசைக்குப் போனாள். வரதப்பன் வேலைக்குக் கிளம்பச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பொத்தான் போடுவதை நிறுத்திவிட்டார்.

"பாத்தீங்களாம்மா? எத்தனை தடவை?"

"உக்காருங்க ஐயா."

"பரவால்ல, சொல்லுங்க. நெறைய தடவையா?"

"ஒரு தடவைகூட இல்ல. உங்களுக்கு அழைப்பு வரல. இந்த வரிசைல யாருக்குமே வரல. உங்க போன் நல்லா இருந்திருந்தாலும், நீங்க முழிச்சிட்டு இருந்திருந்தாலும் வந்திருக்காது."

வரதப்பன் புரியாமல் அவள் வாயையே பார்த்தார். அவள் முதலிலிருந்து சொன்னாள். கட்டத்தை, வரம்பை, முப்பத்தெட்டை. பொத்தானைப் பற்றியும் சொன்னாள். டீ குடித்ததையும் சொன்னாள். அதைச் சொல்லத் தேவையே இல்லை. ஆனால் அதை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும் போலிருந்தது.

அவர் சுவரோரமாக அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். பிறகு, "இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார்.

"அழைப்பு வரல ஐயா."

"நான் தூங்குனதால இல்ல."

"இல்ல."

அவர் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தார். அவர் கத்துவார், அடிக்க வருவார், வெளியே போடி என்பார் என்றெல்லாம் எதிர்பார்த்துத்தான் ஜெசிந்தா வந்திருந்தாள். அவர் ஒன்றும் செய்யவில்லை. "போன வருஷம் இடுப்பு ஒடஞ்சதும் உங்க போனாலதான்," என்று மட்டும் சொன்னார். "அந்தப் பள்ளிக்கூடத்துப் படியிலதான் விழுந்தா."

ஜெசிந்தாவுக்கு அது தெரியாது. பதினேழு பேருக்குக் காயம் என்பதுதான் தெரியும். அந்தப் பதினேழில் ஒருத்தி கனகவல்லி என்று அவள் எந்தத் தாளிலும் பார்த்ததில்லை. பொத்தானை அழுத்தியதற்கும் அழுத்தாமல் விட்டதற்கும் பலி ஒரே பெண்ணா?

"எம்பொண்ணுகிட்ட இதச் சொல்றீங்களா?" என்று கேட்டார் வரதப்பன். "நான் சொன்னா நம்ப மாட்டா. எடுக்கவே மாட்டா. நீங்க ஆபீஸ்காரங்க. காகிதத்தோட போய்க் காட்டுங்க. எனக்கு அது போதும்."

காகிதத்துக்காக மறுநாள் சனிக்கிழமை ஜெசிந்தா ஆளில்லாத அலுவலகத்துக்குப் போனாள். இயக்குநர் வேண்டாம் என்ற எழுத்தையே எழுதினாள். அரசுக்கு ஒரு வாக்குமூலம், நான்கு பக்கம். ஆதாரமாக அந்தக் கட்டத்தின் முழுப் பதிவையும் எடுத்து இணைத்தாள். அப்போதுதான், வரம்பு நாற்பதாக உயர்ந்ததற்குக் காரணமான புகாரை முதல் தடவையாகத் திறந்து படித்தாள். பத்தொன்பது வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு புகார்தான் இருந்தது.

'எங்க அம்மா உங்களால கீழ விழுந்து இடுப்பு ஒடஞ்சு கிடக்காங்க. தண்ணி ஒரு சொட்டுகூட வரல. நிச்சயமா தெரியாம இனிமே எங்களைக் கூப்பிடாதீங்க. வ. கயல்விழி.'

அதற்கு வரைபடம் தானாக அனுப்பிய பதிலும் கீழே இருந்தது. 'உங்கள் கருத்துக்கு நன்றி. இனி அபாயம் உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே உங்கள் பகுதியை அழைப்போம்.' அந்தப் பதிலின் வாசகத்தை எழுதிக் கொடுத்ததும் ஜெசிந்தாதான். சுருக்கமாகவும் மரியாதையாகவும் இருக்க வேண்டும் என்று அரை நாள் உட்கார்ந்து எழுதியது.

தகப்பனின் தலையிலிருந்து இறக்கியதை மகளின் தலையில் ஏற்ற வேண்டுமா? அந்தப் பக்கத்தை மட்டும் இணைக்காமல் விட்டுவிடலாம். ஆனால் அந்தப் பக்கம் இல்லாவிட்டால் வரம்பு ஏன் உயர்ந்தது என்று யாருக்கும் விளங்காது. விளங்காவிட்டால் விதி அப்படியே இருக்கும். மாவட்டத்தில் இதைப்போல இன்னும் நூற்று நாற்பது கட்டங்கள் வெளிர்மஞ்சளாக இருக்கின்றன. அந்தப் பெண்ணுக்கு இதைத் தாளில் படிக்கும் நிலை வரக் கூடாது என்பது மட்டும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வாக்குமூலத்தை அனுப்பாமல் போனிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

நர்சிங் கல்லூரி இரண்டு மணி நேரப் பயணம். ஹாஸ்டல் வார்டன் பார்வையாளர் அறையில் உட்காரச் சொன்னாள். கயல்விழி சீருடையோடு வந்தாள். பத்தொன்பது வயதுக்கு மெலிந்த பெண். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. ஜெசிந்தா தான் யார் என்று சொன்னதும் அவள் முகம் இறுகியது.

"அப்பா அனுப்பினாரா?"

"ஆமா. ஒரு விஷயம் சொல்லணும். அன்னிக்கு உங்க வீட்டுக்கு அழைப்பு வரல. அப்பா மேல எந்தத் தப்பும் இல்ல."

"தெரியும்," என்றாள் கயல்விழி.

ஜெசிந்தா காட்டுவதற்காக எடுத்த போனை மடியில் இறக்கினாள்.

"முதல் நாள் அப்பாவைத்தான் கேட்டேன். மூணாம் நாள் என் போன்ல பழைய மெசேஜ் எதையோ தேடுனேன். அப்ப போன வருஷம் நீங்க அனுப்பின பதில் கண்ணுல பட்டுச்சு. உறுதியா தெரிஞ்சா மட்டும்தான் கூப்பிடுவோம்னு." அவள் சீருடையின் நுனியை மடித்து மடித்துப் பிரித்தாள். "கூடத்துல அப்பா உக்காந்து வர்றவங்ககிட்ட எல்லாம் நான்தான் போன் எடுக்கல, நான்தான் எடுக்கலன்னு சொல்லிட்டு இருந்தாரு. நான் உள்ள உக்காந்து கேட்டுட்டே இருந்தேன் மேடம். வாயத் தொறக்கல. எனக்குத் தெரியும், அவரு இல்லன்னு. நான்தான் கூப்பிடாதீங்கன்னு எழுதினேன். சொல்லிடலாம்னு எந்திரிப்பேன், சொந்தக்காரங்க எல்லாம் இருப்பாங்க, உக்காந்துடுவேன். அப்புறம் அவரு மூஞ்சியப் பாக்கவே முடியல."

"அப்பா நீ கோவமா இருக்கன்னு நெனச்சிட்டு இருக்காரு."

"கோவமா? அவரு மேலயா?" அவள் அழத் தொடங்கினாள். சத்தமே இல்லாமல், பழகிப்போன அழுகை.

ஜெசிந்தா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொடலாமா என்று தெரியவில்லை. தொடும் உரிமை தனக்கு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

"கயல்விழி, நீ எழுதினது நியாயமான புகார். அடிபட்டவங்க வீட்ல யாரா இருந்தாலும் எழுதுவாங்க. அந்தப் புகாரை எடுத்து இனிமே கூப்பிடாதேன்னு அர்த்தம் பண்ணினது நான். அந்த மெசேஜ எழுதினதும் நான். அன்னிக்கு திரைல உங்க வரிசையப் பாத்துட்டு சும்மா உக்காந்திருந்ததும் நான்."

"அப்படிச் சொன்னா போயிடுமா மேடம்?"

"போகாது."

அந்தப் பதில் அந்தப் பெண்ணுக்குப் பிடித்திருக்க வேண்டும். முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தாள். ஜெசிந்தா தன் போனில் இருந்த வாக்குமூலத்தைத் திறந்து கொடுத்தாள். கயல்விழி நான்கு பக்கத்தையும் படித்தாள். இணைப்பில் தன் புகார் வந்த இடத்தில் விரல் நின்றது.

"இத எடுத்துட்டா என்ன ஆகும்?"

"விதி அப்படியே இருக்கும். இன்னும் நூத்து நாப்பது எடத்துல."

"அப்ப இருக்கட்டும். பேரோட இருக்கட்டும்." போனைத் திருப்பிக் கொடுத்தாள். "ஆனா அப்பாவுக்கு இத நான்தான் சொல்லணும். இன்னிக்கே. வார்டன்கிட்ட கேட்டுட்டு வரேன்."

பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள். வழியில் ஓரிடத்தில் ஜெசிந்தா வாக்குமூலத்தை அனுப்பினாள். கால் மணி நேரத்தில் தெய்வநாயகத்திடமிருந்து அழைப்பு வந்தது. எடுத்தாள். "திங்கட்கிழமை வரும்போது சாவியக் குடுத்துடுங்க," என்றார் அவர். கொஞ்சம் நின்று, "அந்தப் புகார நானும் படிச்சதில்ல ஜெசிந்தா," என்றார். பிறகு வைத்துவிட்டார்.

ஐஸ் கம்பெனி வரிசைக்குள் அவர்கள் நுழைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வரதப்பன் வாசலில் நின்று, சுவரில் சாய்த்துவைத்த கதவின் கீல்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்பக்கமாகத் திறக்கும்படி மாற்றி மாட்டுவதற்காக. மகளைப் பார்த்ததும் திருப்புளி கையிலேயே நின்றது.

கயல்விழி உள்ளே போகவில்லை. வாசலிலேயே நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். புகார் எழுதியதை, மெசேஜ் வந்ததை, மூன்றாம் நாள் பார்த்ததை, அதற்குப் பிறகும் அவரைப் பேசவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்ததை. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

வரதப்பன் திருப்புளியைப் படியில் வைத்தார்.

"ஒங்கம்மா ஆஸ்பத்திரில கிடந்தப்ப நான் இவங்க ஆபீஸ் வாசல் வரைக்கும் போயிட்டு வந்தேன்," என்றார். "நாலு வார்த்த கேக்கணும்னு. யாரைக் கேக்கறதுன்னு தெரியல. திரும்பிட்டேன். நீ எழுதிட்ட. அவ்ளோதான்." பிறகு, "சாப்டியா?" என்று கேட்டார்.

கயல்விழி இல்லை என்று தலையாட்டினாள். அவர் அவள் தோள்பையை வாங்கிக்கொண்டு, கதவில்லாத வாசல் வழியாக அவளை உள்ளே அழைத்துப் போனார்.

ஜெசிந்தா வெளியே நின்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழிநெடுக வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். சிறிது நேரம் கழித்து வரதப்பன் திரும்பி வந்தபோது அதில் ஒன்றும் வாயில் வரவில்லை. அவரும் அதற்காகக் காத்திருக்கவில்லை. அவர் முகத்தில் கோபம் இருந்ததா என்றுகூட அவளால் கண்டுகொள்ள முடியவில்லை.

"மரியதாஸ் பொண்டாட்டி, கைக்குழந்தையோட ரெண்டு மணி நேரம் ஓட்டு மேல நின்னுச்சு," என்றார். "அவனும் தன் போனைத்தான் திட்டிட்டு இருக்கான். வீட்லதான் இருக்கான். போய்ச் சொல்லுங்க. மத்தவங்ககிட்டயும் சொல்லுங்க."

"சொல்றேன் ஐயா."

"நான் கூட வர மாட்டேன்," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

பக்கத்து வீட்டுக்குப் பத்தடி. ஜெசிந்தா கதவைத் தட்டினாள். உள்ளே குழந்தை சிணுங்கும் சத்தம், யாரோ பாத்திரத்தை ஒதுக்கிவைக்கும் சத்தம். கதவு திறந்தது. கோபுரம் விஷயமாகத்தான் வந்திருக்கிறாள் என்று மரியதாஸின் முகம் மலர்ந்தது. "வாங்க மேடம், மனு கெடச்சுதா?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் ஜெசிந்தா பேசத் தொடங்கினாள்.